ஒரே சாலையில் இத்தனை மரச்செக்குக் கடைகள்: எங்கள் கடை தனித்துத் தெரிய என்ன செய்வது?

கேள்வி: வாகைநிழல் (காங்கேயம் வட்டாரம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்தி வருகிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் நாங்களே ஆட்டி விற்கிறோம்; தோட்டத்துக்காரர்கள் கொண்டுவரும் கொப்பரையையும் கடலையையும் கூலிக்கும் ஆட்டிக் கொடுக்கிறோம். அப்பா தொடங்கிய காலத்தில் பக்கத்து ஊர்களில்கூட வேறு மரச்செக்கு கிடையாது. இப்போது எங்கள் சாலையிலேயே வரிசையாகக் கடைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு பலகையிலும் "வாகை மரச்செக்கு, நூறு சதவீதம் சுத்தமானது, பாரம்பரிய முறை" என்ற அதே சொற்கள், அதே செக்குப் படம், அதே பச்சை நிறம். எங்கள் பலகையை இரவோடு இரவாக மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரியாது என்று அம்மா சிரிக்கிறார்.

புதிதாக வந்த கடை ஒன்று கடலை எண்ணெயை லிட்டருக்கு எங்களைவிட நாற்பது ரூபாய் குறைத்து விற்கிறது. எங்கள் அடக்க விலைக்கு அது எப்படியும் கட்டாது. வருகிறவர்களோ முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். தரம் இருந்தால் ஆள் தானாக வரும் என்பது அப்பாவின் கருத்து. அதை நான் மறுக்கவில்லை; ஆனால் தரம் இருப்பது வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் என் கேள்வி.

கண்ணாடிப் புட்டி, புதிய லேபிள், இன்ஸ்டாகிராம் காணொளி, கோவையில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நேரடி விநியோகம் என்று பலவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். இவை எல்லாவற்றையும் அடுத்த மாதமே பக்கத்துக் கடையும் செய்துவிடும். எனவே கேள்வியைக் குறுக்கிக் கேட்கிறேன்: எளிதில் நகலெடுக்க முடியாத வேறுபாடு என்று எங்கள் தொழிலில் ஏதாவது உண்டா?

இதோடு இன்னொன்றும் உண்டு. தம்பி கோவையில் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறான். என்னோடு படிக்கும் எல்லாரிடமும் இதே பட்டம், இதே மதிப்பெண், இதே சான்றிதழ்கள்தான் இருக்கின்றன, என்னை மட்டும் எதற்காக வேலைக்கு எடுப்பார்கள் என்று அவனும் அலுத்துக்கொள்கிறான். இரண்டும் ஒரே சிக்கல் என்று எனக்குத் தோன்றுவதால் சேர்த்தே கேட்கிறேன்.

பதில் 1: பழைய கணக்குப்பிள்ளை (ஈரோடு)

அம்மிணி, எண்ணெய் மண்டிகளில் கணக்கு எழுதியே என் தலை நரைத்தது என்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. அதை ஒருவரும் பயன்படுத்துவதில்லை. எண்ணெயின் அடக்க விலை ஊர் அறிந்த கணக்கு. மரச்செக்கில் ஆட்டும்போது நூறு கிலோ கடலைப் பருப்பில், பருப்பின் தரத்தைப் பொறுத்து, முப்பத்தெட்டு முதல் நாற்பத்திரண்டு கிலோ வரை எண்ணெய் கிடைக்கும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஆகவே லிட்டருக்குச் சுமார் 2.2 கிலோவிலிருந்து 2.4 கிலோ வரை பருப்பு வேண்டும். அதில் ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் புண்ணாக்கு மிஞ்சும். பருப்பின் கிலோ விலையை லிட்டருக்குப் போன பருப்பின் எடையால் பெருக்கி, புண்ணாக்கு விலையைக் கழித்து, மின்கட்டணம், ஆள்கூலி, புட்டி, வாடகை ஆகியவற்றைச் சேர்த்தால் வருவதுதான் அடக்கம். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடலாம்.

இதை நாள்தோறும் கடை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வையுங்கள். இன்றைய பருப்பு என்ன விலை, எந்த ஊர்ப் பருப்பு, லிட்டருக்கு எத்தனை கிலோ போனது, புண்ணாக்கு என்ன விலைக்குப் போயிற்று, நம் லாபம் எவ்வளவு என்பது வரை எழுதுங்கள். லாபத்தை எழுதுவதா என்று உங்கள் அப்பா திகைப்பார். ஆனால் பருப்பு விலை ஏறும்போது எண்ணெய் விலையை ஏற்றினால் முணுமுணுக்கிற வாடிக்கையாளர், அந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்துவிட்டால் முணுமுணுக்க மாட்டார். பருப்பு இறங்கும்போது நீங்களும் அன்றே இறக்க வேண்டும். அங்கேதான் பலர் சறுக்குவார்கள்.

பக்கத்துக் கடைக்காரர் இதை நகலெடுக்கட்டுமே. அடக்கத்துக்கும் கீழே விற்கிறவர் கணக்கு எழுத முடியாது; எழுதினால் மீதி எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். உண்மையாக எழுதுகிறவர் விலையைக் குறைக்க முடியாது. எந்த வழியில் போனாலும் உங்களுக்கு நட்டமில்லை. குறைத்து விற்கிற எல்லாரும் கலப்படக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய இருப்பை விற்கலாம், சுருங்கிய பருப்பை மலிவாக வாங்கியிருக்கலாம், தொடக்கத்தில் ஆள் பிடிக்க நட்டத்துக்கும் விற்கலாம். அவர் காரணம் அவருக்கு. அதைப் பற்றி வாடிக்கையாளரிடம் நீங்கள் ஒரு சொல்கூடப் பேச வேண்டாம்.

இன்னொன்று: கிலோவா, லிட்டரா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 910 கிராமை லிட்டர் என்று ஒருவர் விற்கிறார்; இன்னொருவர் ஒரு கிலோவாக நிறுத்துத் தருகிறார்; வாங்குகிறவர் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். கிலோ முந்நூறு ரூபாய் என்றால் லிட்டர் 273 ரூபாய்தான். உங்களுக்கும் அந்தக் கடைக்கும் உள்ள நாற்பது ரூபாய் வேறுபாட்டில் பாதிக்கு மேல் இதிலேயே அடங்கிவிடக்கூடும். முதலில் அதைப் பாருங்கள்.

பதில் 2: ஆய்வகத் தோழி (கோவை)

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். சகோதரி குறிப்பிட்ட பலகைச் சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பரம் மற்றும் உரிமைகோரல் ஒழுங்குமுறைகள், "இயற்கையானது", "சுத்தமானது", "பாரம்பரியமானது", "அசலானது" போன்ற சொற்களை நினைத்தபடி பயன்படுத்த விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு. ஆகவே எல்லாக் கடைகளும் ஒன்றுபோல எழுதி வைத்திருக்கும் சொற்கள், வாங்குகிறவருக்கு எதையும் சொல்லாததோடு, எழுதியவருக்குச் சிக்கலையும் கொண்டுவரக் கூடியவை. சிலர் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்றும் அச்சடிக்கிறார்கள். கொலஸ்ட்ரால் விலங்குக் கொழுப்பில் இருப்பது. கடலையிலும் எள்ளிலும் பிழிந்த எந்த எண்ணெயிலும் அது சொல்லும்படி இருக்காது. எல்லாருக்கும் பொதுவான ஒன்றைத் தனிச்சிறப்பாகச் சொல்வதில் என்ன பயன்?

மரச்செக்கு எண்ணெயில் உண்மையான வேறுபாடு செக்கில் இல்லை, செக்குக்குள் போகும் பருப்பில் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையில் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்து, வெளுத்து, ஆவியால் வாடை நீக்கும்போது மூலப்பொருளின் குறைகள் பெரும்பாலும் நீங்கிவிடும். நம் செக்கில் அந்தப் படிகள் எதுவும் இல்லை. எனவே பருப்பில் உள்ள நன்மையும் எண்ணெயில் வரும், குறையும் எண்ணெயில் வரும். ஈரத்தோடு கட்டி வைத்த கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகிறது. அதன் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிட்டாலும் ஒரு பகுதி எண்ணெயிலும் கலக்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் அதன் சாயல் வரும். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூசணம் பூத்தது ஆகியவற்றைக் கையால் பொறுக்கி எடுப்பதுதான் சிறு கடைக்கு இயன்ற முதல் பாதுகாப்பு. சலிப்பூட்டும் வேலை, கூலியும் எடையும் இரண்டும் போகும். அதனால்தான் பலர் செய்வதில்லை, அதனால்தான் செய்கிறவர் வேறுபட்டுத் தெரிவார்.

கொப்பரையிலும் இதே கதைதான். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கந்தகப் புகை போடுகிறார்கள். ஆறு சதவீதத்துக்கு மேல் ஈரமில்லாமல் நன்றாகக் காய்ந்த, புகை போடாத கொப்பரைதான் என்று உங்களால் சொல்ல முடிந்தால், எந்தக் களத்தில் காய்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈரப்பதம் பார்க்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது; வாங்குகிறவர் முன்னாலேயே அளந்து காட்டலாம்.

மார்கழிக் குளிரில் உறைந்தால் அசல் தேங்காய் எண்ணெய் என்ற நம்பிக்கையை மட்டும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறைவது உண்மைதான். பனங்கொட்டை எண்ணெயும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில் உறையும். ஆண்டுக்குச் சிலமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, அந்த அறிக்கையை, அது எந்தத் தேதியில் ஆட்டிய எண்ணெய்க்கு உரியது என்ற குறிப்போடு ஒட்டி வையுங்கள். தேதி இல்லாத பழைய அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டுவது எல்லாரும் செய்வது.

பதில் 3: ரிக் வண்டி (திருச்செங்கோடு)

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தனித்து நிற்க வேண்டும் என்று எல்லாரும் ஏன் இவ்வளவு தவிக்கிறோம்? எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வீதிக்கு வீதி நிற்கும். போட்டி அதிகம் என்று யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. அத்தனை வண்டிகள் ஒரே இடத்தில் இருப்பதால்தான் வடமாநிலத்திலிருந்தும் எங்களைத் தேடுகிறார்கள், உதிரிப்பாகமும் மெக்கானிக்கும் கூப்பிட்ட நேரத்தில் கிடைக்கிறார்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையும் அப்படித்தான். உங்கள் சாலையில் வரிசையாகச் செக்குக் கடைகள் இருந்தால், எண்ணெய் வாங்க அந்தச் சாலைக்குப் போ என்று கோவைக்காரர் பேசத் தொடங்குவார். வந்தவரில் உங்கள் பங்கு உங்களுக்குக் கிடைக்கும். பக்கத்துக் கடைக்காரரோடு பேசி மொத்தமாகப் பருப்பு வாங்கினால் இருவருக்கும் விலை குறையும். அவரை எதிரியாக எண்ணிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்ங்க.

பதில் 4: கீழ்பவானிப் பாசனம் (பெருந்துறை)

திருச்செங்கோட்டு நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். உங்கள் போட்டியாளர் பக்கத்துச் செக்குக்காரர் அல்லர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. இந்த நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் கப்பலில் வந்து சுத்திகரிக்கப்பட்டு நம் மளிகைக் கடைகளில் பாக்கெட்டாகத் தொங்குகின்றன. உங்கள் ஊர்ச் செக்குக் கடைகள் அனைத்தும் சேர்ந்து விற்பது அதில் ஒரு துளிகூட இருக்காது. ஒரு வீட்டைப் பாக்கெட்டிலிருந்து செக்குக்குத் திருப்புவது, பக்கத்துக் கடையின் ஒரு வாடிக்கையாளரை இழுப்பதைவிட எளிது, நிலையானதும்கூட.

ஆனால் ரிக் வண்டிகளுக்கும் உங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் தண்ணீர் வந்ததா இல்லையா என்று அன்றே பார்த்துவிடுவார். எண்ணெயின் தரம் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. தரம் கண்ணுக்குத் தெரியாத தொழிலில் கூட்டமாக நிற்பது நல்ல கடைக்கே கேடு. பவானி ஜமக்காளத்தைப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற முதல் வரிசைப் பொருள்களில் அதுவும் ஒன்று. இருந்தும் விசைத்தறியில் நெய்த மலிவுப் பொருளை அதே பெயரில் விற்றபோது, வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாததால் கைத்தறிக்காரரே நலிந்தார். பெயர் மட்டும் காப்பாற்றவில்லை.

என் கருத்தில், தனித்து நிற்பதற்கு எதைக் கூடுதலாகச் செய்யலாம் என்று தேடுவதைவிட எதை விட்டுவிடலாம் என்று தேடுவது பயன் தரும். எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் இதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது. பால் வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்த மில்கி மிஸ்ட் நிறுவனர், பால் விற்பதையே நிறுத்திவிட்டுப் பனீரில் இறங்கினார். பிறகு தயிர், நெய், பாலாடைக்கட்டி என்று வளர்ந்தும் இன்றுவரை அந்த நிறுவனம் பாக்கெட் பால் விற்பதில்லை. கொங்கு நாட்டில் பாலை விட்டுவிட்டுப் பால் தொழிலா என்று அன்று எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! பால் விற்கிற எவரும் அந்த முடிவை நகலெடுக்க முடியாது, ஏனென்றால் நகலெடுக்கத் தம் அன்றாட வருமானத்தை விட வேண்டும். உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனமும் அப்படித்தான்: கோழியைத் தானே வளர்க்காமல், குஞ்சும் தீவனமும் மருந்தும் தான் கொடுத்து, வளர்ப்பதை விவசாயியிடம் ஒப்படைத்து, வளர்ப்புக் கூலி தரும் முறையைப் பரவலாக்கியது. அந்த முறையின் நியாய அநியாயங்களைப் பற்றிக் கோழிப்பண்ணைக்காரர்களுக்குள் பெரிய வாக்குவாதம் உண்டு. அது இங்கே வேண்டாம். விட்டதுதான் வளர்ச்சிக்கு வழியாயிற்று என்பதற்காகச் சொன்னேன்.

உங்களுக்கு என்ன பொருந்தும்? காங்கேயத்தில் கொப்பரைக் களம் இல்லாத திசை இல்லை. அங்கே தேங்காய் எண்ணெயில் தனித்துத் தெரிவது கடினம், பெரிய ஆலைகளே சுற்றிலும் இருக்கின்றன. ஆனால் கீழ்பவானி வாய்க்காலில் புன்செய்ப் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் முறையில் எங்கள் பக்கம் கடலையும் எள்ளும் விளைகின்றன. சிவகிரி, முத்தூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் எள் ஏலத்துக்கு வருகிறது; உங்களுக்கு வண்டியில் ஒரு மணி நேரத் தொலைவு. நல்லெண்ணெய் ஒன்றை மட்டும் கடையின் முகமாக வையுங்கள். கறுப்பு எள்ளா, சிவப்பு எள்ளா, எந்தப் பட்டத்தில் (சாகுபடிப் பருவத்தில்) எந்த வாய்க்கால் மடையில் விளைந்தது, கருப்பட்டி சேர்த்து ஆட்டியதா, வெல்லம் சேர்த்ததா, எத்தனை நாள் தெளியவிட்டது என்பதையெல்லாம் சொல்ல முடிகிற ஒரே கடையாக இருங்கள். அறுவடைக் காலத்தில் மட்டும் கிடைக்கும், தீர்ந்தால் அடுத்த பட்டம்தான் என்றும் சொல்லிவிடுங்கள். இல்லை என்று சொல்லத் தெரிந்த கடையை மக்கள் மறப்பதில்லை; எல்லாம் எப்போதும் இருக்கிற கடைகள்தான் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன.

வாகைநிழல் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றிங்க. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி பார்த்ததில், அந்தக் கடை விற்பது 910 கிராம் புட்டி. நாங்கள் கிலோவாக நிறுத்துத் தருகிறோம். வேறுபாட்டில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. கரும்பலகைக்கு அப்பா பாதி மனதோடு ஒப்புக்கொண்டார். லாபத்தை எழுதுவதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

கீழ்பவானி அண்ணா சொன்ன நல்லெண்ணெய் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெயை விடுவது எங்களால் ஆகாது. கூலிக்கு ஆட்டக் கொப்பரை கொண்டுவரும் தோட்டத்துக்காரர்கள்தான் எங்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை தருகிறவர்கள். ஒரம்பரை (உறவுக்காரர்) கல்யாணத்துக்கும் சீருக்கும் எண்ணெய் வேண்டுமென்றால் அவர்கள்தான் ஆள் அனுப்புகிறார்கள். கூலி ஆட்டுவதில் வருமானம் குறைவு, செக்கையும் அது பிடித்துக்கொள்கிறது. கூலி வேலையைக் குறைத்துவிட்டு விற்பனையை வளர்ப்பதா, இரண்டையும் வைத்துக்கொள்வதா? இந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 5: பம்புசெட் (கோவை, கணபதி)

தம்பியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். மோட்டார் பம்பு தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் புதியவர்களைத் தேர்வு செய்யும் குழுவில் இருக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவன், விரைவில் கற்றுக்கொள்பவன்" என்ற வரிகள் எல்லாவற்றிலும் இருக்கும். உங்கள் சாலையின் பலகைகளைப் போலத்தான். இறுதியாண்டு புராஜெக்ட்டும் காந்திபுரத்தில் விலைக்கு வாங்கியதாக இருக்கும் (நாங்களும் அதே ஊரில்தான் இருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்கு நினைவில்லை போலும்). அதில் ஓடும் மோட்டாரை ஏன் அந்தக் குதிரைத் திறனில் தேர்ந்தாய் என்று கேட்டால் பதில் வராது.

1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜி.டி. நாயுடு, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொழிலைத் தொடங்கியவர். கல்லூரிப் பக்கமே போகாதவர். அவரைப் போல ஆகு என்று அறிவுரை சொல்வது என் நோக்கமன்று, அது எல்லாருக்கும் ஆகிற காரியமும் அன்று. அவர் கையில் கிடைத்ததைக் கழற்றிப் பார்த்துக் கற்றார் என்பது மட்டும் இன்றும் எங்கள் பட்டறைக்குப் பொருந்தும்.

தம்பிக்கு வீட்டிலேயே ஒரு செக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மோட்டார் எத்தனை குதிரைத் திறன், கியர் பெட்டி வேகத்தை எந்த அளவுக்குக் குறைக்கிறது, உலக்கை எத்தனை மாதத்தில் தேய்கிறது, தேய்ந்தால் எண்ணெய் எவ்வளவு குறைகிறது, ஒரு லிட்டருக்கு எத்தனை யூனிட் மின்சாரம் போகிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதட்டும். சில மாதம் எழுதிய அந்த நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் பையனை நான் மற்றவர்களோடு சேர்த்து எண்ண மாட்டேன். அவனுக்கு விலைக்கு வாங்க முடியாத புராஜெக்ட் அது. உங்கள் கடையின் கரும்பலகைக்கு வேண்டிய எண்களும் அதிலிருந்தே கிடைக்கும்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று அஞ்ச வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கணக்கைக் கையில் வைத்திருப்பவன் எந்த மொழியில் பேசினாலும் கேட்போம்.

பதில் 6: வாகை உலக்கை (தாராபுரம்)

நானும் செக்குக்காரன்தான். சகோதரியின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்: கூலி ஆட்டுவதை விடாதீர்கள். உங்கள் கடையில் பணம் கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அதுதான். தன் தோட்டத்துக் கொப்பரையைத் தானே கொண்டுவந்து, செக்கில் விழுவதிலிருந்து கேனில் பிடிப்பது வரை கூடவே நின்று பார்த்துவிட்டுப் போகிறவரிடம் உங்கள் செக்கைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. அவர் ஊருக்குப் போய்ச் சொல்லும் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு காணொளிக்கு இல்லை. எங்கள் பக்கம் விலை குறைத்து விற்கும் கடைகளில் பெரும்பாலானவை கூலிக்கு ஆட்டுவதில்லை. சில கடைகளில் செக்கு வாசலில் காட்சிக்கு ஓடும், எண்ணெய் வேறெங்கோ எக்ஸ்பெல்லர் என்ற இரும்பு இயந்திரத்தில் ஆட்டி டின்னில் வரும். அவர்களால் அடுத்தவர் பருப்பை வாங்கி ஆட்டிக் கொடுக்க முடியாது.

செக்கைப் பிடித்துக்கொள்கிறது என்ற சிக்கலுக்கு வழி, கிழமை பிரிப்பதுதான். நாங்கள் வாரத்தில் சில நாள்களைக் கூலிக்கென்றே ஒதுக்கி, அதிலும் கொப்பரைக்கு ஒரு நாள், கடலைக்கு ஒரு நாள், எள்ளுக்கு ஒரு நாள் என்று வைத்திருக்கிறோம். எண்ணெய் மாறும்போது உரலைக் கழுவித் துடைக்கும் நேரம் மிச்சமாகிறது. தேங்காய் எண்ணெயில் கடலை வாடை அடிக்கிறது என்ற புகாரும் இல்லை. ஒருவர் கொண்டுவருவது ஓர் ஆட்டலுக்குப் போதாவிட்டால், இன்னொருவருடையதோடு அவர் சம்மதமில்லாமல் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் எடைக் கணக்கில் சண்டை வராமல் இருக்காது. அதைவிட, என் கொப்பரையைத்தான் ஆட்டினார்களா என்ற ஐயம் வந்துவிட்டால் போயிற்று.

புண்ணாக்கு யாருக்கு என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதி வையுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் கொண்டுபோவார்கள். மற்றவர்கள் கூலிக்கு ஈடாக விட்டுவிட்டுப் போவதும் உண்டு. அப்போது அன்றைய புண்ணாக்கு விலையைச் சொல்லிக் கழித்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன கரும்பலகையில் கூலி விவரத்தையும் சேர்த்தால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேச வேண்டியதில்லை.

ஒவ்வோர் ஆட்டலிலும் ஒரு சிறு சீசாவில் எண்ணெய் பிடித்து, தேதியும் பருப்பு வந்த ஊரும் எழுதி, வெயில் படாத அலமாரியில் சில மாதம் வைத்திருங்கள். யாராவது போன மாதம் வாங்கிய எண்ணெய் காறிப்போயிற்று என்று வந்தால், அதே தேதிச் சீசாவைத் திறந்து இருவரும் முகர்ந்து பார்க்கலாம். சீசாவிலும் காறியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காறாமல் இருந்தால் அவர் வீட்டில் புட்டியை அடுப்பு ஓரத்தில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.